எண்ணூறு கோடுகளில் ஒரு மோதிரம்

எங்கள் வீட்டில் என் பேச்சுத்தான் செல்லும். இதை நானாகச் சொல்லவில்லை. குடம் சொன்னது.

1991ஆம் ஆண்டு, ஆவணி மாதம். லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபம். தாலி கட்டி அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். வாய் அகன்ற பித்தளைக் குடத்தில் மஞ்சள் தண்ணீரை நிரப்பி நடுவில் வைத்து, அதற்குள் ஒரு மோதிரத்தைப் போட்டார்கள். மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரே நேரத்தில் கைவிட்டுத் துழாவ வேண்டும். யார் கையில் மோதிரம் வருகிறதோ, அவர் பேச்சுத்தான் குடும்பத்தில் எடுபடும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. மூன்று தடவை போட்டார்கள். முதல் தடவை நான் எடுத்தேன். இரண்டாம் தடவை என் மனைவி இராசமணி. மூன்றாம் தடவை மறுபடி நான். இரண்டுக்கு ஒன்று. எந்தப் பாராளுமன்றத்திலும் இவ்வளவு சுத்தமான பெரும்பான்மை கிடைத்ததில்லை.

அந்தப் பெரும்பான்மையை வைத்துப் பதினொரு வருஷம் ஆட்சி நடத்தினேன். காலையில் பாண் வாங்குவதா, ரொட்டி சுடுவதா? என் முடிவுதான். ரொட்டி என்று முடிவு செய்தால் தேங்காய் துருவுவதும் நான்தான். மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பதா, விடுவதா? அதுவும் என் அதிகாரத்துக்கு உட்பட்டது. "மோதிரம் எடுத்த ஆளு நீங்க. நீங்களே சொல்லுங்க" என்பாள் இராசமணி. எடுக்கலாம் என்பேன். சொன்ன வாயோடு போய் எடுத்தும் வருவேன். அதிகாரம் உள்ளவனுக்கு வேலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

என் பெயர் மாரிசாமி. பூனாகலையில் பிறந்து, பதுளைக்கு இறங்கி வந்து, 'மாரிசாமி வீடியோ' என்று பலகை மாட்டியவன். லுணுகலை தொடக்கம் மொனராகலை வரை நான் படம் பிடிக்காத கல்யாணமும் சடங்கும் கொஞ்சம்தான். என் கமராவைக் கண்டால் ஊவா மாகாணம் முழுக்க ஒரே வேலையைத்தான் செய்யும். மாப்பிள்ளை கையில் கவரைக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும். குறைந்தது பத்தாயிரம் பேராவது அப்படி நின்றிருப்பார்கள். இதனாலேயோ என்னவோ, நான் கனவு கண்டது ஆளே இல்லாத ஒரு படம்.

படம் பனியைப் பற்றியது. பன்னிரண்டு நிமிஷம். வசனம் கிடையாது. பூனாகலை மேட்டில் விடிகாலையில் பனி ஏறும் பாருங்கள், அதை மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். பனி வரும்போது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். நின்ற இடத்தில் நிற்பேன். தேயிலைச் செடி ஒவ்வொன்றாகக் கரையும், பிறகு லயத்துக் கூரை, பிறகு என் கை. கடைசியில் நானும் இல்லை, மாரிசாமி வீடியோவும் இல்லை. அந்த நேரத்துச் சுகத்தை யாருக்காவது காட்டிவிட வேண்டும் என்பதுதான் என் வாழ்க்கை லட்சியம்.

இராசமணியிடம் ஒரு நாள் சொன்னேன்.

"கத என்னங்க?"

"பனி வருது."

"அப்புறம்?"

"போகுது."

"அவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு தேத்தண்ணி கூடக் குடிக்காமயா போகுது?"

கலை தெரியாதவர்களிடம் நான் கோபப்படுவதில்லை.

2003 தை மாதம் புவாத் ஒரு செய்தி கொண்டுவந்தான். புவாத் பக்கத்து வீட்டுக்காரன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவன். எங்கள் கல்யாணத்தைப் படம் பிடித்தவனும் அவன்தான். கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் பழைய சாமான்களைக் கழிக்கிறார்களாம். அதில் ஒரு மொனிட்டர். சினிமாக்காரர்களும் டீவிக்காரர்களும் நிறம் சரிபார்க்க வைத்திருப்பது.

"மச்சான், எண்ணூறு கோடு!" என்றான். திரையில் கோடு கூடக் கூடப் படம் துல்லியமாகும்.

மூன்றாம் நாள் நான் கொழும்பில் நின்றேன். பெட்டி பதினான்கு அங்குலம், பாரம் பதினெட்டுக் கிலோ. கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறி ஜன்னல் ஓர ஸீட்டைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டு, பதுளை வரை பத்து மணித்தியாலம் நின்றுகொண்டே வந்தேன். ஹப்புத்தளையில் பனி ஏறியது. அணைந்து கிடந்த திரையில் மலை ஓடியது, மரம் ஓடியது, கூடை சுமந்த பெண்கள் இரண்டு பேர் ஓடினார்கள். கரண்ட் இல்லாமலேயே இவ்வளவு அழகாகக் காட்டுகிறதே என்று உருகிப்போனேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் பையை மடிக்கு எடுத்துக்கொண்டார்.

இராசமணி வாசலிலேயே பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"அண்டனா எங்க?"

"இதுக்கு அண்டனா இல்ல."

"ரிமோட்?"

"இல்ல."

"நாடகம் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப என்னதான் தெரியும்?"

"உண்மை தெரியும்!" என்றேன். "நம்ம வீட்டு டீவி எல்லாம் ஆளுக்குத் தக்கன பேசும் புள்ள. வெளுக்கும், சிவக்கும், இல்லாத பளபளப்பக் காட்டும். இது பொய் சொல்லாது. எண்ணூறு கோடு!"

பொத்தானை அமர்த்தினேன். திரையில் நிறப்பட்டைகள் வந்தன. மஞ்சள், நீலம், பச்சை, சிவப்பு. அந்த மஞ்சளைப் பார்த்த பிறகுதான், இதுவரை நான் மஞ்சளையே பார்த்ததில்லை என்று புரிந்தது.

இராசமணி மூக்கு தொடும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். "எங்கங்க? ஒரு கோட்டக் கூடக் காணோம்?"

"கோடு தெரியாம இருக்கத்தான் எண்ணூறு கோடு."

"அது சரி" என்றாள். "தெரியாத சாமானத்துக்கா பத்து மணித்தியாலம் நின்னுக்கிட்டு வந்தீங்க?"

பிறகு என் பனியைப் போட்டேன். எங்கள் டீவியில் அது வெள்ளையடித்த சுவர் போலத்தான் தெரியும். இந்தப் பெட்டியில் பனிக்குள் பனி இருந்தது. ஒரு வெள்ளைக்குப் பின்னால் இன்னொரு வெள்ளை, அதற்குப் பின்னால் கொஞ்சம் நீலம் கலந்த வெள்ளை, அதற்கும் பின்னால் யாரோ ஒருத்தி கூடையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். மூன்று வருஷமாக என் படத்துக்குள் அவள் இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இராசமணியும் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் கடைசியில். அவள் வாயில் அது பெரிய வார்த்தை.

உற்சாகத்தில் எல்லாப் பொத்தான்களையும் அவளுக்கு விளக்கினேன். நீலத்தை மட்டும் காட்டும் பொத்தான். திரையில் படிந்த காந்தத்தைக் கழிக்கும் பொத்தான். அப்புறம் படத்தின் ஓரத்தைக் காட்டும் பொத்தான். வீட்டு டீவி எதுவும் படத்தை முழுசாகக் காட்டாது. நாலு பக்கமும் ஒரு விரல் அளவு சட்டத்துக்குப் பின்னால் போய்விடும். தொழில்காரனுக்கு அது போதாதல்லவா? இந்தப் பொத்தானை அமர்த்தினால் படம் சற்றுச் சுருங்கி, நாலு ஓரமும் வெளியே வந்துவிடும். ஒளிந்துகொள்ள ஒரு மூலை இருக்காது. கெசட் ஓட்டும் டெக்கில் ஒரு வட்டத் திருகு இருந்தது. அதைத் திருப்பினால் படம் ஒவ்வொன்றாக முன்னாலும் பின்னாலும் நகரும். அதையும் காட்டினேன். இராசமணி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். ஒரு ஆசிரியனுக்கு அதைவிடச் சந்தோஷம் என்ன வேண்டும்?

அடுத்த நாள் மொனராகலையில் ஒரு கல்யாணம். இரண்டு நாள் அங்கே. திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் யோசித்து, ஒரு மாபெரும் தீர்மானத்தோடு இறங்கினேன். எங்கள் முன் ரூமைக் கலர் ரூமாக மாற்றுவது! நிறத்தைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் அறை இருட்டாக இருக்க வேண்டும். சுவர் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. பெரிய ஸ்டூடியோக்களில் அப்படித்தான்.

"அந்த ரூம் எனக்கு வேணுங்க" என்றாள் இராசமணி.

"உனக்கா?"

"தைக்கிறதுக்கு."

இராசமணி ரவிக்கை தைப்பதில் கெட்டிக்காரி. குசினிக்குப் பக்கத்தில் இருந்த பின் ரூமில் ஒரு குண்டு பல்பின் கீழ் உட்கார்ந்து தைப்பாள். அங்கே ஜன்னல் கிடையாது. முந்தின கிழமை கத்தரிப்பூ ரவிக்கைக்கு நாவல் நிற நூலைப் போட்டுவிட்டாள் என்று ஒருத்தி சண்டை பிடித்துவிட்டுப் போயிருந்தாள். முன் ரூம் ஜன்னலைத் திறந்தால் நமுனுகுல மலை அப்படியே தெரியும். வெளிச்சம் கொட்டும்.

"வெளிச்சம் வர்ற ரூமுங்க அது. அத இருட்டாக்கணும்னு சொல்றீங்களே?"

"கலைக்கு இருட்டு வேணும் புள்ள."

"ஊசிக்கு வெளிச்சம் வேணுங்க."

"அளவு குடுக்க வர்றவங்க பின்னால வரட்டுமே?"

"வந்து? குசினியில நீங்க சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தேங்கா துருவிக்கிட்டு இருக்கிறதப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போறாங்க."

வாதத்தில் வெல்ல முடியாத இடத்தில் ஆண்பிள்ளை என்ன செய்வான்? அரசியலமைப்பை எடுப்பான். நெஞ்சை நிமிர்த்தினேன்.

"இராசமணி! மோதிரம் எடுத்தது யாரு?"

பதினொரு வருஷமாக இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். "நீங்கதாங்க." அன்றைக்கு அந்தப் பதில் வரவில்லை. அவள் ஊசியில் நூல் கோர்த்து, முடிச்சுப் போட்டு, பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"மூணாவது தடவ நீங்கதான் எடுத்தீங்கன்னு யாரு பாத்தா?"

நிமிர்த்திய நெஞ்சை இறக்கினேன்.

"யாரு பாத்தாவா? ஊரே பாத்துச்சு! கல்யாண வீடியோ கெசட்ல இருக்கு!"

"கெசட்ல எங்க இருக்கு? போட்டுப் பாருங்க."

உண்மை. கெசட்டில் இல்லை. மூன்றாம் தடவை கைவிடும் நேரம் பார்த்து யாரோ புவாத்தின் கையில் ஒரு கிளாஸ் சர்பத்தைக் கொடுத்துவிட்டார்கள். அவன் ஒரு கையால் சர்பத்தைக் குடித்துக்கொண்டே மறு கையால் எங்கள் வாழ்க்கையைப் படம் பிடித்திருக்கிறான். கமரா இடது பக்கம் சரிந்துவிட்டது. டீவியில் பார்த்தால் என் பாதி மாலையும், யாரோ ஒருவரின் தோளும், கோயில் மணியும் தெரியும். குடம் வலது பக்கச் சட்டத்துக்குப் பின்னால் போய்விட்டது. ஆனால் சத்தம் இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் ஓவென்று சிரித்து ஆரவாரம் செய்யும் சத்தம். என் வெற்றிக்குக் கிடைத்த ஆரவாரம் அது. மனம் சோர்ந்த நாட்களில் அந்த இடத்தை மட்டும் போட்டுக் கேட்பேன்.

"சர்பத்துக் குடிச்சியேடா பாவி!" என்று புவாத்தைப் போய்ப் பிடித்தேன்.

"பதினொரு வருஷத்துக்கு முந்தி குடிச்சதுக்கு இப்ப ஏசுறியே மச்சான்? ஓரத்துல கொஞ்சமாவது இருக்கும், பாரு."

ஓரம்! மடையன் நான். வீட்டிலேயே ஓரம் காட்டும் பெட்டியை வைத்துக்கொண்டு!

வெள்ளிக்கிழமை இராசமணி கோயிலுக்குப் போகும் வரை காத்திருந்தேன். கெசட்டைப் போட்டேன். பொத்தானை அமர்த்தினேன். படம் சுருங்கியது. இதுவரை எந்த டீவியும் காட்டாத என் கல்யாணம் மெல்ல வெளியே வந்தது. அடியில் கெசட்டின் ஓரம் ஒரு நூல் போல நடுங்கியது. வலது பக்கம், ஒரு விரல் அகலத்தில், பித்தளைக் குடம். நான் நேராக ஆரவாரம் கேட்கும் இடத்துக்கு ஓட்டினேன். கை ஒன்று மேலே வந்தது. மஞ்சள் நீர் சொட்டியது. விரல்களுக்கு நடுவில் பொட்டாக ஒரு மின்னல்.

என் கைதான். என் கைச்சட்டைதான். மோதிரம்!

அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு அறைக்குள் ஒரு சுற்று ஆடினேன். நீங்கள் கேட்கலாம், அதற்கு முந்தியும் பார்த்திருக்கலாமே என்று. வீடியோக்காரன் புத்தி அது. வேண்டிய காட்சி கிடைத்துவிட்டால் அங்கேயே வெட்டுவோம். முன்னாலும் பின்னாலும் பார்த்துக்கொண்டிருந்தால் கல்யாணக் கெசட்டைப் பிள்ளை பிறந்த பிறகுதான் கொடுக்க முடியும்.

இராசமணி திருநீற்றோடு வந்ததும் சட்டப்படி பேசினேன்.

"ஞாயித்துக்கிழம பின்னேரம் பெட்டி சொல்லட்டும். யாரு மோதிரம் எடுத்தாங்களோ அவங்களுக்குத்தான் முன் ரூம். சம்மதமா?"

"சம்மதங்க."

"எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"போடலாமே."

இவ்வளவு லேசாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சாம்பல் நிறத்தில் எது நல்ல சாம்பல் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பந்தத்தை எழுதியது புவாத்தின் மனைவி றஷீனா டீச்சர். கணக்குப் படிப்பிக்கிறவர், பக்கம் சாயாதவர். "பெட்டி காட்டுவதே இறுதி முடிவு" என்று அழகாக எழுதினார். இராசமணி ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்.

"பெட்டி முழுசாக் காட்டணும் டீச்சர். ஓரத்த மறைக்கக் கூடாது. முன்னாலயும் பின்னாலயும் ஓட்டிப் பாக்க ரெண்டு பேருக்கும் உரிமை இருக்குன்னு போடுங்க."

"போடுங்க, போடுங்க" என்றேன் நான். பெருந்தன்மையாகச் சிரித்தேன் என்றுகூட ஞாபகம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. வெளியே தூறல். முன் ரூம் ஜன்னலில் என் கறுப்புத் துணியை மாட்டினேன். நாலு கதிரை போட்டேன். புவாத், டீச்சர், இராசமணி, நான். இருட்டில் திரை மட்டும் ஒளிர்ந்தது. தூறல் சத்தமும் பெட்டியின் மெல்லிய ரீங்காரமும் சேர்ந்து ஒரு மயக்கம் மாதிரி இருந்தது. ஊவா மாகாணத்தின் முதல் சினிமாக் கலர் ரூமில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று உடம்பு முழுக்கப் புல்லரித்தது.

"எல்லாரும் வலது பக்க ஓரத்தப் பாருங்க" என்றேன். ஓட்டினேன். ஆரவாரம். கை. நிறுத்தினேன்.

"இது யாரு கை?"

"அண்ணன்ட கைதான்" என்றார் டீச்சர்.

"கையில என்ன?"

"மோதிரம் மாதிரித்தான் தெரியுது."

"புவாத், நீ சொல்லு."

"சந்தேகமே இல்ல மச்சான். அந்தச் சர்பத்து நல்லா இருந்திச்சு, இப்ப ஞாபகம் வருது."

நான் எழும்பி நின்றேன். தொண்டையைச் செருமினேன். தோற்றவர்களிடம் பெருந்தன்மை வேண்டும் என்று ஒரு சிறு பேச்சு ஆயத்தம் செய்து வைத்திருந்தேன்.

"ஏங்க" என்றாள் இராசமணி. "கொஞ்சம் பின்னால போடுங்களேன்."

"எதுக்கு?"

"ஒப்பந்தத்துல இருக்கு" என்றார் டீச்சர்.

இராசமணி எழுந்து வந்து தானே திருகைப் பிடித்தாள். நான் இரண்டு நாள் பழகியும் எனக்குச் சரியாக வராத திருகு அது. அவள் தையல் மெஷின் சில்லை உருட்டுகிற மாதிரி லேசாக உருட்டினாள். ஒரு படம் பின்னால். இன்னொரு படம் பின்னால். என் கை குடத்துக்குள் இறங்கியது. திரும்பவும் பின்னால். குடத்தின் மேல் வேறொரு கை தெரிந்தது. கண்ணாடி வளையல், மருதாணி. இரண்டு விரலுக்கு நடுவில் பொட்டாக அதே மின்னல்.

புவாத் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"இப்ப முன்னால போடுறேன். பாருங்க" என்றாள்.

படம் படமாக நகர்ந்தது. வளையல் கை மோதிரத்தோடு மேலே வருகிறது. பின்னால் நின்ற பெண்கள் வாயைத் திறக்கிறார்கள். மாப்பிள்ளை, அதாவது நான், கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனை வேண்டிக்கொண்டிருக்கிறேன். என் உதடு அழப்போகும் பிள்ளையின் உதடு மாதிரி வளைந்திருக்கிறது. பொண்ணு என் முகத்தைப் பார்க்கிறாள். ஒரு படம். இரண்டு படம். மூன்று படம். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பிறகு அந்தக் கை, மோதிரத்தோடு, சத்தமில்லாமல் குடத்துக்குள் திரும்ப இறங்குகிறது. பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர் மேல் ஒருவர் சாய்கிறார்கள். என் கை மேலே வருகிறது.

அந்த ஆரவாரம்! பதினொரு வருஷமாக நான் போட்டுப் போட்டுக் கேட்ட ஆரவாரம்!

"அப்ப... அவங்க எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு மட்டுந்தாங்க தெரியாது."

"நீ எப்ப இதப் பாத்த?"

"நீங்க மொனராகலைக்குப் போயிருந்த ரெண்டு நாளும் மழ. தைக்க வெளிச்சம் இல்ல. சும்மா இருக்க வேணாம்னு பெட்டியப் போட்டேன். நீங்கதான் எல்லாப் பொத்தானையும் சொல்லிக் குடுத்துட்டுப் போனீங்களே!"

அப்போதுதான் கவனித்தேன். ஓரம் காட்டும் பொத்தானின் மேல் ரோஸ் நிறத்தில் ஒரு பொடி படிந்திருந்தது. துணியில் அளவு குறிக்கிற சோக்குக்கட்டியின் பொடி.

புவாத் செருமினான். டீச்சர் ஒப்பந்தத்தை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தார். "கணக்கு சரி அண்ணன்" என்றார். பிறகு திடீரென்று ஏதோ யோசனை வந்தவராக, "எங்கட கலியாண கெசட்டையும் ஒருக்கா இந்தப் பெட்டியில போட்டுப் பாப்பமா?" என்று கேட்டார்.

"அது பூஞ்சணம் பிடிச்சிட்டு!" என்றான் புவாத். அவ்வளவு வேகமாக அவன் எழும்பி நான் பார்த்ததில்லை. "நேரமாச்சு, வாங்க போவம்."

அவர்கள் போன பிறகும் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. இராசமணி படத்தை அந்த மூன்றில் ஒன்றில் நிறுத்திவிட்டுப் போயிருந்தாள். திரையின் ஓரத்தில், ஒரு விரல் அகலத்துக்குள், இருபத்திரண்டு வயது இராசமணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கல் கெசட்தான். முகத்தில் பாதி நிழல்தான். ஆனாலும் அந்தப் பார்வை தெளிவாகத் தெரிந்தது. இப்படி என்னை யாரும் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. பதினொரு வருஷமாக அது எங்கள் டீவியின் சட்டத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். பனி ஏறும்போது ஆகுமே, அதே மாதிரி ஆகிவிட்டது. இந்தத் தடவை கரைந்தது நான் மட்டும்தான்.

அவள் தேத்தண்ணியோடு வந்தாள்.

"ஏன் புள்ள அப்படிச் செஞ்ச?"

"ரெண்டாவது தடவ நான் எடுத்ததுக்கே உங்க மூஞ்சி சுருங்கிப் போச்சு. அவ்வளவு சனத்துக்கு முன்னால அழுதுருவீங்களோன்னு பயந்துட்டேன்."

"பதினொரு வருஷம் ஒரு வார்த்தை சொல்லலையே?"

"எதுக்குச் சொல்லணும்? மோதிரம் எடுத்த ஆளுன்னு நீங்க பாட்டுக்குத் தேங்கா துருவிக்கிட்டு இருந்தீங்க."

கோபப்பட நினைத்தேன். திரையைப் பார்த்தேன். கோபம் வரவில்லை.

"முன் ரூம எடுத்துக்க" என்றேன். "நான் பனிய விட்டுர்றேன். இந்த வீட்ல இனி எனக்கு இருட்டுக்கு இடமில்ல."

"ஏன் விடணும்? பின் ரூம் இருக்கே. ஜன்னல் இல்ல, நல்ல இருட்டு. சுவர் வேற குசினிப் புகையில சாம்பலாத்தான் கெடக்கு. நீங்க கேட்ட அதே கலர்."

போய்ப் பார்த்தேன். அதே கலர். எந்தப் பெயின்ட் கடையிலும் கிடைக்காத, எந்தப் பக்கமும் சாயாத, சுத்தமான சாம்பல். அன்றைக்கே பதினெட்டுக் கிலோவையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவள் மெஷினைத் தூக்கி முன்னால் வைத்ததும் நான்தான். பனி முன்னைவிட அழகாகத் தெரிகிறது என்பதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கூடைக்காரிக்குப் பின்னால் இன்னொருத்தி நிற்பது இப்போதுதான் தெரிகிறது.

அடுத்த கிழமை ஒரு நாள் காலை, மழை விட்டிருந்தது. முன் ரூம் ஜன்னலில் நமுனுகுல மலை கழுவி வைத்த மாதிரி நின்றது. இராசமணி கத்தரிப்பூ ரவிக்கைக்குக் கத்தரிப்பூ நூலையே போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பழைய தையல் பிரித்துக்கொண்டிருந்தேன். மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது அவளுடையது. சரி, அது போகட்டும். இரண்டாவதும் அவளுடையது. ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது. மனிதனுக்கு அந்த ஒன்றாவது வேண்டாமா?

"இராசமணி."

"ம்."

"மொத தடவ நானாத்தான எடுத்தேன்? அது கெசட்ல நடுவுலயே இருக்கு. ரெண்டு பேரு கையும் உள்ள போகுது, என் கை மோதிரத்தோட வெளிய வருது. பெட்டியில நூறு தரம் பாத்துட்டேன்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தண்ணிக்குள்ள நடந்தத அந்தப் பெட்டி காட்டாதுங்க. அதுக்குக் கமராவக் குடத்துக்குள்ளதான் வச்சிருக்கணும்."